இரண்டு ஸ்க்ரூ, ஒரு மாமியார்

இனி என் மோட்டார் சைக்கிளை என் கையைத் தவிர வேறு எந்தக் கையும் தொடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சபதம் செய்தேன். சபதத்தை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கலாம். நெண்டோ முக்கில், டுங்குவின் கொட்டகை வாசலில் செய்தேன். வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் போடாக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சவாரி கிடைக்காமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சபதம் நன்றாகக் கேட்டது.

டுங்கு மெக்கானிக். என் வண்டி ஒரு வாரமாக 'டிக் டிக் டிக்' என்று கடிகாரக் கடை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் காட்டத்தான் போனேன்.

"டேப்பட் சத்தம், வாத்தியாரே. வால்வுல இடைவெளி கூடிப்போச்சு. செட்டிங் பண்ணணும். இருபத்தஞ்சாயிரம் ஷில்லிங்."

"எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்."

"எதை மாத்தப் போறே?"

"எதையும் மாத்தல. ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. லேசா திருப்பி விடணும்."

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு ஸ்க்ரூவுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று உடனே தெரிந்துவிட்டது.

"இடைவெளிய எதை வச்சு அளப்பே?"

டுங்கு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய சவர பிளேடை எடுத்துக் காட்டினான். "இதை உள்ள விட்டு இழுத்துப் பார்ப்பேன். பத்து வருஷமா இதுதான். ராசியான பிளேடு."

"சவரம் பண்ற பிளேடாலயா என் எஞ்சினை அளக்கப் போறே?"

"எஞ்சினுக்குத் தாடி வளராது, வாத்தியாரே. பயப்படாதீங்க."

போடாக்காரர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் சபதம் செய்தேன். டுங்கு கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"சரி வாத்தியாரே. திரும்பி வரும்போது சர்ச் மேட்டு வழியா தள்ளிக்கிட்டு வராதீங்க, மூச்சு வாங்கும். மில் வழியா வாங்க. இறக்கம்."

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி நந்துமே வாசலிலேயே முழங்கால் போட்டு வரவேற்றாள். எங்கள் புகாண்டாவில் புருஷனுக்கு மனைவி செய்கிற மரியாதை அது; கூடவே 'ஸெபோ', அதாவது ஐயா, என்றும் கூப்பிடுவாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் நான்தான் இந்த வீட்டுக்கு ராஜா. பதினோரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவள் முழங்கால் தரையில் பட்டால் என் தலையில் ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம்.

"வந்தீங்களா ஸெபோ. வண்டி சத்தம் அப்படியே இருக்கே?"

"வியாழக்கிழமை வரைக்கும் இருக்கும். அப்புறம் இருக்காது. நானே சரி பண்ணப் போறேன்."

"நீங்களேவா?"

"ஏன், அதுல என்ன?"

"ஒண்ணுமில்ல. போன வருஷம் தண்ணிக் குழாயை நீங்களே சரி பண்ணீங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு."

அந்தக் குழாயைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவது வழக்கமில்லை.

"அது வேற. இது கணக்கு."

"கணக்குன்னா சரிதான். சனிக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயம். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துடுவாங்க. அதுக்குள்ள நான் கலிசிசோல எங்க அம்மா வீட்ல இருக்கணும். அக்கா தங்கச்சிங்க வரிசையா வந்து மண்டி போடுறப்போ என் இடம் மட்டும் காலியா இருந்தா, எங்க அத்தை என் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. வேனை நம்ப முடியாது. கடைசி சீட் நிரம்புற வரைக்கும் கிளம்ப மாட்டான்."

"வண்டி ஓடும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா நானே டுங்கு கொட்டகை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறேன். போதுமா?"

"போதும் ஸெபோ" என்று எழுந்து சமையல் பக்கம் போனாள். அவ்வளவு சுலபமாக அவள் போனபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மசாகா கடைவீதியில் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கினேன். விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் எவ்வளவு என்று எண் பொறித்திருக்கும். விலை முப்பதாயிரம். டுங்கு கேட்டதைவிட ஐயாயிரம் கூடுதல்தான், ஆனால் அவன் பிளேடு மாதிரி தாடையில் பட்டதில்லை. எங்கள் பள்ளியில் பெயர் எழுதாத பொருளுக்குக் கால் முளைத்துவிடும். அதனால் அதன் உறையில் சிவப்பு பெயிண்டால் 'கயிவா, கணக்கு' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சட்டையைக் கழற்றி, வேலையைத் தொடங்கினேன். நந்துமே நிலக்கடலை உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸெபோ, எஞ்சின் நல்லா ஆறினப்புறம்தான் செய்யணும்னு வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்காமே?"

"நீ எப்போ புத்தகம் படிச்சே?"

"படிக்கல. திறந்து கிடந்துச்சு. தூசி தட்டினேன்."

"ஆறுறதுக்குள்ள இருட்டிடும்."

மூடியைத் திறந்தேன். இரண்டு ஸ்க்ரூ. அதைத் தேடிக் கண்டுபிடித்ததே பாதி வெற்றி. புத்தகம் சொன்ன எட்டாம் எண் தகட்டை விட்டு, அளந்து, நட்டை இறுக்கி, மூடி, ஒரு மிதி மிதித்தேன். வண்டி கிளம்பியது. ஆனால் சத்தம் போகவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"டிக் டிக்னு கொஞ்சம் இருந்தா நல்லதுன்னுதான் போடாக்காரங்க சொல்வாங்க" என்றாள் நந்துமே, கடலையைப் பார்த்துக்கொண்டே.

"அவங்க சொல்வாங்க. நீ கணக்கா யோசி. இடைவெளி இருக்கறதாலதான் சத்தம். இடைவெளி குறைஞ்சா சத்தம் குறையுது. அப்போ இடைவெளி பூஜ்யமானா?"

"சத்தம் பூஜ்யம்."

"அவ்வளவுதான்! என் மாணவனா இருந்தா உனக்கு நூத்துக்கு நூறு."

மறுபடி திறந்து, தகடு என்ன, ஒரு தலைமுடிகூட நுழையாதபடி இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கினேன். மூடினேன். மிதித்தேன்.

சத்தம் முழுசாகப் போயிருந்தது. கூடவே எஞ்சினும் போயிருந்தது. கிக்கர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உள்ளே எதிர்ப்பே இல்லை. நாற்பது தடவை மிதித்தேன். இரண்டு கோழிகள் பயந்து பக்கத்து வீட்டுக்குக் குடி போயின.

"நூத்துக்கு நூறு" என்றாள் நந்துமே. "துளி சத்தம் இல்ல."

அவள் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. முழங்கால் போட்டபடி, காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு நடந்தே போனேன். கொட்டகைப் பக்கம் போகாமல் வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிப் போனேன். ஷூ முழுக்கச் சேறு. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. நாளைக்கு வண்டி ஓடாவிட்டால் பன்னிரண்டு போடாக்காரர்கள் எதிரில் அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். வகுப்பில் போன வருஷம் நான் ஃபெயிலாக்கிய பையன்களில் நாலு பேர் இப்போது அதே முக்கில் போடா ஓட்டுகிறார்கள். அவர்கள் என்னை மறக்கவில்லை.

மத்தியானமே வீடு திரும்பினேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். நந்துமே ஓடிவந்து முழங்கால் போட்டாள்.

"ஸெபோ, உள்ள போங்க! அம்மா வர்றாங்க. நாளைக்கு வேண்டிய கூடைங்க என்கிட்டதான் இருக்கு, எடுத்துட்டுப் போக வர்றாங்க. முக்குக்கு வந்துட்டாங்களாம்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எங்களில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. வழியில் எதிர்ப்பட்டால் அவர் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். நானும் புதருக்குள் ஒதுங்கிவிடுவேன். மீறிப் பார்த்தால் கை நடுக்கம் வரும், சாகிறவரை போகாது என்பார்கள். நான் கணக்கு படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

"வேலை பாதியில இருக்கே?"

"ஸ்க்ரூ திருப்புற கை, ஸெபோ. நடுங்கிப் போச்சுன்னா?"

படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கையோடு பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டேன். வெளியே வரவேற்பு கேட்டது.

"வாங்கம்மா, வாங்க. வழியெல்லாம் சுகம்தானே?"

"ம்ம்."

"வீட்ல எல்லாரும்?"

"ம்ம்."

"பசு கன்னு போட்டுச்சா?"

"ம்ம்."

என் மாமியாரைப் பார்த்ததில்லையே தவிர, சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். கேள்விக்கு ஒன்பது வார்த்தையில் பதில் சொல்கிறவர். கீச்சுக் குரல். இன்றைக்கு என்னவோ கட்டைக் குரலில் முனகினார். கூடவே ஒரு இருமல் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது.

"நந்துமே! அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"வழியெல்லாம் புழுதி, ஸெபோ! எட்டிப் பார்த்துடாதீங்க!"

கொஞ்ச நேரத்தில் 'டங்' என்றது. பிறகு 'கிண்'.

"அது என்ன சத்தம்?"

"கடலை இடிக்கிறோம்!"

"இரும்புல இடிக்கிற மாதிரி இருக்கே?"

"கடலைல கல்லு, ஸெபோ! கடைக்காரனைத்தான் கேட்கணும்!"

பிறகு ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"யாரு வண்டி அது?"

"அம்மாவைக் கூட்டிட்டுப் போக போடா வந்திருக்கு!"

நல்ல சத்தம். சீரான எஞ்சின், அளவான டேப்பட். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிற ஆளாக இருக்கும் என்று அந்தப் போடாக்காரனை மனசுக்குள் பாராட்டினேன். ஆனால் வண்டி விலகிப் போகிற சத்தம் கேட்கவில்லை, நின்ற இடத்திலேயே அடங்கியது. காற்று அந்தப்பக்கம் அடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த தாளைத் திருத்தினேன்.

கால் மணி கழித்து நந்துமே கதவைத் திறந்தாள். "போயிட்டாங்க. திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மிதிச்சுப் பாருங்களேன்."

"நேத்து நாற்பது தடவை மிதிச்சாச்சு."

"நேத்து சூடா இருந்துச்சு. இன்னைக்கு ஆறியிருக்கும்ல?"

எஞ்சினைத் தொட்டேன். விரல் சுட்டது.

"சுடுதே?"

"வெயில்."

வண்டி பலாமர நிழலில்தான் நின்றது. இருந்தாலும் மிதித்தேன். ஒரே மிதி. வண்டி உயிர் பெற்றது. மெல்லிசாக 'டிக் டிக்' என்று, மரியாதையாக ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. நந்துமேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"புரியுதா உனக்கு? இரும்புக்கு ஓய்வு வேணும்! இறுக்கின ஸ்க்ரூ ஒரு நாள் கழிச்சுத்தான் தன் இடத்துல உட்காரும். இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல!"

"இருக்காது, ஸெபோ."

என் ஃபீலர் கேஜை மட்டும் காணவில்லை. "எங்கயாவது இருக்கும், தேடித் தர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை நான் வெள்ளை கன்சு அங்கியில், அவள் தோள்பட்டை கூம்பிய பட்டு கோமெசி உடையில், முப்பது கிலோமீட்டரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது வண்டி. ஒன்பதே காலுக்குப் போய் இறங்கினோம். அவள் வரிசையில் அவள் இடத்தில் மண்டியிட்டாள். அத்தை வாய் திறக்க வழியே இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. லுவோம்போ வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே மச்சான்மாருக்கு டேப்பட் பற்றிப் பாடம் நடத்தினேன். ஓய்வுக் கொள்கையை விளக்கினேன். மூத்த மச்சான் வாலுசிம்பிக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

"மச்சான், என் வண்டியும் டிக் டிக்குது. நாளைக்குக் கொண்டு வரட்டுமா?"

"தாராளமா கொண்டு வா. கடைக்காரன்கிட்ட ஏன் கொட்டிக் கொடுக்கணும்?"

கிளம்பும் நேரம் மாமியார் இருபது அடி தள்ளி, பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி எனக்கு வணக்கம் சொன்னார். கீச்சுக் குரல், துளி இருமல் இல்லை.

"மருமகனுக்குக் கோடி நமஸ்காரம்! கோவிச்சுக்காதீங்க, ஈஸ்டர்ல இருந்து முழங்கால் வீங்கி இந்த வாசப்படியே நான் தாண்டல. உங்க வீட்டுப் பக்கம் வந்து எத்தனை மாசமாச்சு!"

வெயில் தாழ வீட்டுக்குத் திரும்பினோம். ஊர் நெருங்கும் வரை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு கேட்டேன்.

"நந்துமே, உங்க அம்மா ஈஸ்டர்ல இருந்து வாசப்படி தாண்டலையாம்."

"பாவம், முழங்கால்."

"அப்போ நேத்து வந்தது யாரு?"

"மேடு வருது. கியரைக் குறைங்க, ஸெபோ."

குறைத்தேன். மேடு ஏறியதும் நெண்டோ முக்கு. கொட்டகை வாசலில் அதே பன்னிரண்டு பேர். முதலில் என் கண்ணில் பட்டது தூணில், ஆணியில் தொங்கிய ஃபீலர் கேஜ். உறையில் சிவப்பு எழுத்து. 'கயிவா, கணக்கு.' அதன் கீழே டுங்கு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த எண்ணெய்த் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, அடக்க ஒடுக்கமாகச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

ஹேண்டில்பாரில் என் கை வெடவெடத்தது.

"நான்தான் நேத்தே சொன்னேனே ஸெபோ" என்றாள் நந்துமே, பின்னாலிருந்து. "மாமியாரைப் பார்த்தா கை நடுங்கும்னு."