நோயற்ற சிவப்பு சோடா

ஆச்சான் என்று எல்லாரும் கும்பிடும் குரு தொங்தேவா வருகிறார் என்றால், பாங்காக்கின் அந்த மரபணு ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. மற்ற மந்திரவாதிகள் பேய் ஓட்டுவார்கள்; இவர் பிழை ஓட்டுகிறவர். டி.என்.ஏ. எழுத்துகளை இயந்திரம் தப்பாகப் படித்தால், உள்ளே இருக்கும் ஆவிக்குத் தாகம் என்று அர்த்தமாம். இயந்திரத்தின் தலையில் மாலை போட்டு, முன்னால் உறிஞ்சுகுழலோடு சிவப்பு சோடா வைத்து, தங்கத்தாள் ஒட்டிய பென்டிரைவ் ஒன்றைச் செருகுவார். திரையில் பிழை சைபர். முனைவர் பட்டம் வாங்கியவர்கள்தான் முதல் வரிசையில் கைகூப்பி நிற்பார்கள்.

அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த கோசுமுக்கு மட்டும் கைகூப்ப மனம் வரவில்லை. அவள் அக்கா மகளின் ரத்தத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று பூஜைக்கு முன்பு சொன்ன இயந்திரம், பூஜைக்குப் பிறகு ஒரு குறையும் இல்லை என்றது. அதை நம்பி மருத்துவமனை திங்கட்கிழமை குழந்தையின் மருந்தை நிறுத்தப் போகிறது.

கோசும் ஆய்வுக்கூட இயக்குநர் டாக்டர் விரோட்டிடம் போய் முறையிட்டாள்.

"ஒரே துண்டை முப்பது தடவ படிச்சாத்தான் பிழை குறையும்னு நீ சொன்ன. எவ்வளவு செலவு! ஆச்சான் ஒரே தடவையில முடிச்சிட்டாரு. சந்தேகப்பட்டா ஆவி கோவிச்சுக்கும் கோசும்," என்றார் அவர்.

அடுத்த பூஜையில், கூட்டத்தின் நடுவே அவள் பணிவாகக் கேட்டாள்.

"ஆச்சான், எதக் குடுத்தாலும் ஆவி சரியாப் படிக்குமா?"

"எதையும் படிக்கும் மகளே."

ஆவிக்குப் படைத்த சோடாவிலிருந்தே நாலு சொட்டு எடுத்து, ரத்தத்துக்குப் பதிலாக இயந்திரத்தின் சோதனைக் குழாயில் விட்டாள். ஆச்சானின் முகம் மாறியது.

"அது ஆவியோட சோடா."

"அதுக்குப் பிடிச்சதாச்சே. படிக்கட்டும்."

வாக்குக் கொடுத்த வாய். வேறு வழியில்லாமல் ஆச்சான் பென்டிரைவைச் செருகினார். மறுநாள் முடிவு பார்க்க இன்னும் பெரிய கூட்டம். திரையில் வந்தது: மனிதர். பெண். பரம்பரை நோய் ஏதும் இல்லை. பிழை சைபர்.

கோசும் பென்டிரைவைப் பிடுங்கி, அதிலிருந்ததை எல்லாருக்கும் திறந்து காட்டினாள். இயந்திரத்தால் படிக்க முடியாத இடத்திலும், எழுத்து மாறியிருக்கும் இடத்திலும், யாரோ ஒரு ஆரோக்கியமான பெண்ணின் எழுத்துகளை எடுத்து நிரப்பும் நிரல் அது. விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறது ஆவி. ஆச்சான் செருப்பைக்கூடத் தேடாமல் நழுவினார்.

குழந்தையின் ரத்தத்தை அன்றே முப்பது தடவை படிக்க வைத்தாள். மாறிய எழுத்து ஒவ்வொரு தடவையும் அங்கேயே இருந்தது. மருந்து நிற்கவில்லை. கோசும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

வெளியே வந்தால், கூட்டம் கலையவில்லை. சோடாவின் அறிக்கை எண்ணை அதிர்ஷ்ட எண் என்று லாட்டரிக்காக ஆளாளுக்குக் குறித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் விரோட்.

"முப்பது தடவ வேணாம் டாக்டர்," என்றாள் கோசும். "ஒரே ஒரு தடவ யோசிங்க."