சேஃப்டி சார் கட்டிய கயிறு

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரும் என் பொறுப்பில்தான் வந்து சேர்ந்தார்.

வடக்குத்து பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சில வருஷம் நான் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, மோட்டார் போடுவது, யாருடைய பல்செட் யார் டம்ளரில் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் நான்தான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ரிடயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். பிள்ளைகளோ பெங்களூரிலும் துபாயிலும் இருப்பார்கள். ஆளுக்கொரு பிளாக்கில் வாழ்ந்தவர்கள் கடைசியில் எங்கள் ஹாலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேருவார்கள்.

சேஃப்டி சாரும் அப்படி வந்தவர்தான். சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவிலேயே காலத்தை ஓட்டியவர். மனைவி காலமாகிவிட்டார். புனேயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டார். அந்த அபார்ட்மென்ட் லிஃப்டில் யாரையும் ஏறவிடாமல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். ஒரு பெட்டி, ஒரு மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் ஒரு விசில். இவைதான் அவருடைய சொத்து. நிஜப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வந்த அன்று கட்டிலைக் காட்டினேன். அவர் கட்டிலைப் பார்க்காமல் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"இது ஆடுதே, மேனேஜரம்மா."

"அது மாட்டின நாள்லேர்ந்து ஆடுது சார். விழல."

"இதுவரைக்கும் விழலங்கறதுதாம்மா எனக்குப் பயமே."

அப்போது மாட்டிய ஹெல்மெட்தான். சாப்பாட்டு அறை ஃபேனும் ஆடியது. ரசம் சாதத்தின் கதை அதுதான்.

அடுத்ததாக, தீப்பிடித்தால் எல்லோரும் எங்கே ஓடி வந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் ஓடுவதாவது! வாசல் வேப்பமரத்தைக் காட்டித் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலமே விசில் ஊதிவிட்டார். வாக்கரும் கைத்தடியும் சக்கர நாற்காலியுமாக ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள், முதலில் வந்தவர்கள் டீ நேரம் ஆகிவிட்டதென்று திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் வாசற்படியில் சிக்கிக்கொண்டார்கள்.

"கட்டடம் எரிஞ்சுகிட்டு இருக்கு, உள்ள போறீங்களே!" என்று கத்தினார் சேஃப்டி சார்.

"எரியறது அதுபாட்டுக்கு எரியட்டும் சார். டீ ஆறிடும்," என்றார் முன்னாள் கேன்டீன் சூப்பர்வைசர்.

இதில் எல்லோரையும்விட நொந்துபோனவள் எங்கள் பணிப்பெண் செல்வி. வடக்குத்துக்காரி. கை வேகம், வாய் அதைவிட வேகம். குளியலறைத் தரை வழுக்குகிறது என்று சார் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி மூடியபோது, "வெட்றதுக்கு மந்திரிய இட்டுகினு வரட்டுமா மேடம்?" என்று கேட்டவள் அவள். இன்னொரு நாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"டீச்சரைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனா, தனியா தூக்கக் கூடாது, ரெண்டு ஆளு வேணும், பர்மிட் வாங்குனியானு கேட்டுகினு நிக்கிறாரு மேடம். நான் எங்கப் போயி வாங்குவேன்?"

"அவர்கிட்டயே வாங்கிக்கோ."

"கேட்டேனே! ரெண்டாவது ஆளு வந்தாதான் தருவாராம். நீங்க வாங்க."

போனேன். இந்த டீச்சர், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்கும். அவரால் கூப்பிட முடியாது என்பதால், நாங்களே அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்வோம். எங்கள் பராமரிப்பில் ஒரு குறையும் இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேஃப்டி சார் அப்படி நினைக்கவில்லை.

ஒரு நாள் முழுக்க அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹாலிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். செல்வி வெங்காயம் நறுக்கியபடியே, "வரேன் ஆயா, வரேன் தாத்தா" என்பாள். கூப்பிட்டவர்கள் அடங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான், ஆபீஸ் ரூமிலிருந்தே குரல் கொடுப்பேன். சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"சுரங்கத்துல நிலக்கரி போற பெல்ட் ஓடுதில்லம்மா, அது பக்கத்துலயே ஒரு கயிறு போகும். ஆபத்துன்னா எவன் வேணா இழுக்கலாம். பெல்ட் நின்னுடும். அப்புறம் கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துகிட்டு பட்டனை அமுக்கி ஓட்ட முடியாது. அவன் எங்க இழுத்தானோ அங்க நடந்து போகணும். என்னப்பா ஆச்சுன்னு பாக்கணும். பாத்துட்டு, கையால ரீசெட் பண்ணணும். அப்பதான் பெல்ட் ஓடும்."

"அதுக்கு?"

"இங்க குரல் போகுது. ஆள் போகல."

எனக்குச் சுரீரென்றது. வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் இவருக்கு என்ன தெரியும் என்று பதிலும் கொடுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறிப் போய் நைலான் கொடிக்கயிறும் கப்பிகளும் வாங்கி வந்தார்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கயிறு. கட்டில் ஓரத்து ஆணியில் கயிற்று வளையம் மாட்டியிருக்கும். மறுமுனை சமையலறை வாசலுக்கு மேலே போய், அங்கே ஒரு பாத்திரம் தொங்கும், உள்ளே இரண்டு கரண்டியோடு. ஆணியிலிருந்து வளையத்தை இழுத்துக் கழற்றினால் பாத்திரம் கடகடவென்று இறங்கி வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். அதை மேலே ஏற்ற ஒரே வழி, அந்தக் கட்டிலுக்கு நடந்து போய் வளையத்தை மறுபடி ஆணியில் மாட்டுவதுதான். டீச்சருக்கு எவர்சில்வர் வாளி. கேன்டீன் சூப்பர்வைசருக்குப் பால் கேன். தனக்கு மட்டும் ஒரு சின்ன டம்ளர் கட்டிக்கொண்டார்.

முதல் வாரம் சமையலறை வாசலில் பாத்திர மழை. சூப்பர்வைசர் டிபன் என்னவென்று கேட்க இழுத்தார். பக்கத்துக் கட்டில்காரர், அவர் இழுக்கும் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்ல இழுத்தார். சமைக்கும் அம்மாவின் தலையில் ஒரு தூக்குச்சட்டி இறங்கியது. சாம்பார் வைக்கப் பாத்திரம் இல்லாமல் போய், வாசலில் தொங்கியதை எட்டி எட்டிக் கழற்றினோம்.

"நான் இந்த வூட்ல வேல செய்றனா, கெணத்துல தண்ணி சேந்திகினு இருக்கறனா?" என்று செல்வி அழுதேவிட்டாள்.

நான் ஹாலுக்குப் போய், சும்மா சும்மா இழுப்பவர்களை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். சேஃப்டி சார் குறுக்கே வந்து நின்றார்.

"இழுத்தவங்களைத் திட்டக் கூடாதும்மா. இன்னிக்குத் திட்டினா, நெசமா இழுக்க வேண்டிய அன்னிக்கு யோசிப்பாங்க."

அந்த நேரத்தில்தான் எவர்சில்வர் வாளி முதன்முதலாக இறங்கியது. செல்வியும் நானும் ஓடினோம். டீச்சர் இடது கையால் ஜன்னலைக் காட்டினார். தூசி வருமே என்று நாங்கள் தினமும் அக்கறையாக மூடி வைத்த ஜன்னல். செல்வி திறந்தாள். வேப்பமரக் காற்று உள்ளே வந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் அங்கே வந்ததிலிருந்து அந்த ஜன்னல் மூடித்தான் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து கயிற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஆனால் எங்கள் செயலாளர் திறந்தார். இல்லத்தை நடத்திய அறக்கட்டளையின் செயலாளர் அவர். வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழுந்தாலே கோபம் வரும். லைசென்ஸ் புதுப்பிக்க மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் பறந்து வந்தார். வாளி, கேன், டம்ளர் எல்லாம் தொங்குவதைப் பார்த்தார்.

"என்னம்மா இது, பாத்திரக் கடையா? எல்லாத்தையும் கழட்டுங்க. ஹெல்மெட் ஆளை ஆபீசர் கண்ணுல காட்டாதீங்க. ஆய்வு முடிஞ்சதும் அவர் பையனுக்கு போன் பண்ணி அழைச்சிட்டுப் போகச் சொல்லிடுங்க."

இதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. சேஃப்டி சாரிடம் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தலையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். சின்னத் தலை.

"அங்க போக இடம் இருக்கும்மா. கூப்புட்டா வரத்தான் ஆள் இருக்காது," என்றார்.

ஆய்வு நாளும் வந்தது. புதுப் படுக்கை விரிப்பு, மேஜைக்கு மேஜை பிளாஸ்டிக் ரோஜா. கயிறுகளை எல்லாம் கழற்றியிருந்தோம். டீச்சர் மட்டும் வளையத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு கழற்ற விடவே இல்லை. செல்வி சமையலறை வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டு அந்த ஒரு வாளியை மட்டும் மறைத்துவிட்டாள். சேஃப்டி சாரை வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லியிருந்தார் செயலாளர். அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் ஒரு அம்மா. கட்டில் கட்டிலாக விசாரித்தார். எல்லோரும் சொல்லிக் கொடுத்தபடி, "நல்லா இருக்கோம்மா" என்றார்கள். செயலாளர் தூசி வரக்கூடாதென்று தன் கையாலேயே டீச்சரின் ஜன்னலை மூடினார்.

சமையலறைத் திரையைக் கிழித்துக்கொண்டு வாளி இறங்கியது. கரண்டிகள் குலுங்கின. ஆபீசர் திடுக்கிட்டார். செல்வி யாரையும் பார்க்கவில்லை. வெங்காயக் கையோடு ஓடி வந்தாள். "இன்னா டீச்சர், ஜன்னலா? எவரு மூடுனது?" என்று கேட்டபடி செயலாளரைத் தோளால் இடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். திறந்த ஜன்னலுக்கு நேரே, வேப்பமரத்தடியில் மடியில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"யாரு அவரு?" என்றார் ஆபீசர்.

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் செல்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆபீசர் அவரை உள்ளே கூப்பிட்டார். நான் சாமியை வேண்டிக்கொண்டேன். சாருக்குத்தான் ஆய்வு என்றால் திருவிழா ஆயிற்றே! ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேரே குளியலறைக்கு அழைத்துப் போனார். தரை வழுக்கல், கைப்பிடி இல்லை, ஃபேன் ஆட்டம், ஆள் பற்றாக்குறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில், "நான் கட்டுன கயிறும் தப்புதாங்க. சமையல்காரம்மா தலையில விழுந்துச்சு. ஓரமா மாத்திக் கட்டியிருக்கணும்," என்று தன்னையும் சேர்த்து மாட்டிவிட்டார்.

செயலாளரின் சட்டை நனைந்துவிட்டது.

ஆபீசர் வாளியைத் தொட்டுப் பார்த்தார். "இப்படி ஒண்ணு வேணும்னு எந்த விதியும் இல்ல. கழட்டணும்னும் எந்த விதியும் இல்ல. குளியலறையைச் சரி பண்ணி, இன்னொரு ஆளையும் வேலைக்குப் போடுங்க, லைசென்ஸ் வரும். நான் திரும்ப வந்து பார்ப்பேன். அப்ப இவர்தான் எனக்குச் சுத்திக் காட்டணும்."

புனேவுக்கு யாரும் போன் போடவில்லை. கயிறுகளை ஓரமாக மாற்றிக் கட்டினார் சேஃப்டி சார். செயலாளரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாப் பாத்திரமும் இறங்கி ஏறியது. அந்தச் சின்ன டம்ளர் மட்டும் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த வேளையில், அது டிங்கென்று இறங்கி ஆடியது. நான் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். செல்வி ஓடினாள். சமைக்கும் அம்மா கரண்டியோடு ஓடினார். சூப்பர்வைசர் வாக்கரோடு பின்னால் வந்தார். வேப்பமரத்துக்கு அவர் ஒரு நாளும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

சேஃப்டி சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. வளையம் கையில் இருந்தது. எங்கள் எல்லோரையும் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா... வராங்களான்னு பாத்தேன்."

யாரும் திட்டவில்லை. அது அவர் போட்ட சட்டம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். வளையத்தை மாட்டுவதற்கு நான் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் பொறுத்து மாட்டலாமே," என்றார்.

ஹெல்மெட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆபீஸில் எனக்கு ஆயிரம் வேலை கிடந்தது. ஆனாலும் அந்த டம்ளரை மேலே ஏற்ற எனக்கு மனசே வரவில்லை.