தொடவா, தட்டவா, அழுத்தவா?

"அழுத்தவும்" என்று வெற்றிவேல் எழுதி ஒட்டியதுதான் வம்பாகப் போயிற்று. பல்வலிக்கு வந்த கொளஞ்சி கட்டைவிரலால் அழுத்திய அழுத்தில், சுவரில் மாட்டியிருந்த திரையே ஆடியது.

"மெதுவாங்க! விழுந்துடப் போவுது!"

"அழுத்தச் சொல்லி நீதானப்பா எழுதியிருக்க?"

நெல்லித்தோப்பு மருத்துவமனையில் வெற்றிவேலுக்கு அது முதல் வாரம். "நாளைக்குக் காலையில டச் ஸ்கிரீன் வந்துடும். எந்த டாக்டர் எந்த ரூம்னு ஜனங்க அதுலயே பாத்துக்கணும். தமிழ்ல புரியுற மாதிரி எழுதி ஒட்டு. யாராவது எங்கிட்ட வந்து வழி கேட்டாங்க, உனக்கு வேலை இல்ல" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் பெரிய டாக்டர் செந்தமிழ்ச்செல்வி.

காலையில் வந்ததும் சுவரில் இருந்த திரையை அவனே தொட்டுப் பார்த்திருந்தான். 'கண், அறை 2' என்றிருந்தது 'பல், அறை 3' என்று மாறியது. ஆக, கோளாறு இயந்திரத்தில் இல்லை, அவன் தமிழில்தான்.

"திரையைத் தொடவும்" என்று திருத்தினான். மூட்டுவலியோடு வீராம்பட்டினத்திலிருந்து வந்த அஞ்சம்மாள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ரூம் நம்பர் பாத்தியாம்மா?"

"தொடத்தான சொல்லியிருக்கு. தொட்டுட்டேன்."

"திரையில் தட்டவும்" என்று மாற்றினான். அடுத்து வந்த உத்திராபதி கதவைத் தட்டுவதுபோல் மூன்று தட்டு தட்டிவிட்டு, "உள்ள யாரும் இல்ல போலிருக்கே" என்றார்.

"திரையின் மேல் விரலை வைக்கவும்" என்று எழுதினான். வசந்தா என்ற பெண் நுனிக்காலில் நின்று, திரையின் மேல்விளிம்பை எட்டப் பார்த்தாள். "எட்டலியேண்ணா!"

இதற்குள் வரிசை வாசல் கேட்டைத் தாண்டியிருந்தது. கொளஞ்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "எலும்புன்னு காட்டுச்சு, போனேன். அந்த டாக்டர் தொரத்திட்டாரு."

வெற்றிவேல் பழைய தாளைக் கிழித்தான். ஒவ்வொரு சொல்லாக யோசித்துக் கடைசியாக ஒரு தாளை ஒட்டினான்: "திரையை மெல்லத் தொட்டு, விரலை எடுத்துவிட்டு, உங்கள் பிரிவும் அறை எண்ணும் வரும்வரை பொறுத்திருக்கவும்."

கொளஞ்சி தொட்டார், பொறுத்தார், பல் வந்தது. அஞ்சம்மாளுக்கு எலும்பு வந்தது. உத்திராபதிக்குக் காது வந்தது. ஒருவருக்கும் தப்பவில்லை. வரிசை மளமளவென்று கரைந்தது.

பார்த்துக்கொண்டே வந்த பெரிய டாக்டர் நின்றார். "பரவாயில்லயே! சரியான வார்த்தையப் புடிச்சிட்டியே."

வெற்றிவேல் நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது, பெரிய அட்டைப் பெட்டியோடு ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"லேட்டாயிடுச்சு மேடம். ரூம் நம்பர் மாறி மாறி ஓடுற டிவிய நேத்தே மாட்டிட்டோம். இந்த டச் ஸ்கிரீன எங்க மாட்டட்டும்?"