பயந்தாங்கொள்ளி ஏறிய பனிமலை

திருப்பூரில் இருக்கிற மொத்தப் பயத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால் அது எங்கள் கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் 'ஆயிப்போச்சுன்னா' அண்ணன். வானம் இருட்டினால், "மழை வந்து ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்பார். வெயில் அடித்தால், "இப்படிக் காயுதே, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்பார். இரண்டும் இல்லாத நாளில், ஏன் இரண்டும் இல்லை என்று யோசித்துக் கவலைப்படுவார்.

நான் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிற உத்தியோகம். அண்ணனுடைய வேலை, பனியன்களைச் சைஸ் பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது. ஒட்டிய பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். மறுபடி ஒட்டுவார். ஒருமுறை சரக்கு ஏற்றிய லாரி கிளம்பிப் போன பிறகு சந்தேகம் வந்து, ஸ்கூட்டரில் துரத்திக்கொண்டு போய் பெருமாநல்லூரில் மறித்துவிட்டார். நடு ரோட்டில் பெட்டியைப் பிரித்தால் எல்லாம் சரியாக இருந்தது. டிரைவர் கும்பிட்ட கும்பிடு கம்பெனியில் இன்றுவரை பேச்சு.

அவிநாசி ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். நாய் குரைத்தால் என் பின்னால் நிற்பார். இப்படிப்பட்ட மனுஷர் வருஷம் ஒரு தடவை லீவு போட்டுவிட்டு, தன்னந்தனியாக, மேப்பில் பெயர்கூடப் போடாத வெளிநாட்டு மலைகளில் நடக்கப் போவார் என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. பழனி பக்கம் எங்கேயோ போய் ஒளிந்துவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு போட்டோ காட்டினார். நேபாளத்தில் ஒரு தொங்குபாலம். பாலத்தின் நடுவில் அண்ணன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. அடுத்த வருஷம் ஜார்ஜியா. அங்கே ஒரு மலை உச்சியில், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செலவெல்லாம் பெரிதாகக் கிடையாது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட், ஆட்டுக்குட்டிகளோடு சேர்ந்து போகிற ஷேர் வேன், மேய்ப்பர்களின் கூடாரத்தில் படுக்கை. சோறு வடிக்க ஒரு குட்டி அடுப்பும் பருப்புப்பொடியும் பையிலேயே இருக்கும். உடுப்புக்கோ பஞ்சமே இல்லை. கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பனியன்கள்தான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாக உலகம் சுற்றியவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

"ஏனுங்ண்ணா, நாய்க்கே நடுங்கறீங்க. அங்கெல்லாம் எப்படிங்க போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இங்க இருந்தா சக்கரை ஏறிருமோ, ஷிப்மெண்ட் நின்னுருமோ, பையன் காலேஜ்ல அரியர் வெச்சுருவானோன்னு நூறு பயம் கண்ணு. அங்க போனா உசுரு ஒண்ணுக்கு மட்டும் பயந்தாப் போதும். எத்தன நிம்மதி தெரியுமா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான ஏக்கம் தெரிந்தது.

"அதுவுமில்லாம, நான் டேப் ஒட்டுன பெட்டியெல்லாம் ஊரு ஊராப் போகுது. ஒட்டுனவன் போக வேண்டாமா?" என்று சேர்த்துக்கொண்டார்.

பயிற்சிக்கு சிவன்மலைப் படிகள். பை நிறையக் கட்பீஸ் துணியை அமுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறுவார். பார்த்தவர்கள் பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு பெரியம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியும் பூசி அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி, "சும்மா நடந்தவனைக் கும்பிட்டுட்டாங்களே, சாமி குத்தம் ஆயிப்போச்சுன்னா?" என்று எனக்குப் போன்.

பையைக் கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஜட்டிக்கும் தனித்தனி பாலிபேக். சந்துபொந்தெல்லாம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். பைக்கு வெளியே அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற மாதிரியே குடைப் படம், மேல்நோக்கிய அம்பு, அதன் கீழே 'சேர வேண்டிய இடம்' என்று போட்டு என் பெயரும் போன் நம்பரும்.

"ஏனுங்ண்ணா, அக்கா நம்பரைப் போடலீங்களா?"

"அவகிட்டச் சொன்னா அவ பயப்படவே மாட்டா கண்ணு. எனக்காகப் பயப்பட ஆளு வேணுமல்ல?"

அது உண்மைதான். அக்கா, அதாவது அவர் மனைவி, வீட்டுப் பக்கத்திலேயே ஷெட் போட்டு நாலைந்து தையல் மெஷின் ஓட்டுகிறவர். புயலே வந்தாலும், "பாவாடை காயப் போட்டிருக்கேன், எடுத்துட்டு வந்தர்றேன்" என்கிற ரகம். "ஊட்டுல இருக்கற பயத்தை எல்லாம் அவரே பயந்துடறாருங்க தம்பி. எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வெக்கறதில்ல" என்று ஒருமுறை சிரித்தார்.

ஆக, பயப்படும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த வருஷம் அண்ணன் போனது கிர்கிஸ்தான். அந்த ஊர் இருக்கும் திசையே எனக்குத் தெரியாது. போவதற்கு முன் வாட்ஸப்பில் திட்டம் அனுப்பினார். ஒரு திட்டமா, இரண்டு திட்டமா? வெயில் அடித்தால் இந்த வழி, மழை வந்தால் அந்த வழி, வயிற்றால் போனால் பஸ், நாய் இருந்தால் சுற்றுவழி என்று குரல் பதிவுகளாக வந்து குவிந்தன. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது, அவர் எந்த வழியாகத்தான் போகப்போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு செய்தி. போனில் இருக்கிற மொழிபெயர்ப்பில் போட்டுத் தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள்.

"வணக்கம். நான் கூடாரத்தின் பெண்மணி. உங்கள் பை இங்கே உள்ளது. உங்கள் மனிதன் இங்கே இல்லை."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அடுத்த செய்தி வந்தது. "நேற்று காலை அவர் 'நான் வருகிறேன்' என்று கூறினார். நான் ஆட்டுச் சூப் செய்தேன். அவர் வரவில்லை. இரவில் பனி பெய்தது. என் கணவர் குதிரையில் ஆற்றின் ஓரம் தேடுகிறார்."

நான் பதில் போட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. வெகு நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கூடாரத்தில் சிக்னல் கிடையாது. பின்னால் இருக்கிற மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். அந்த அம்மாள் ஒவ்வொரு பதிலுக்கும் மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பைக்கை எடுத்துக்கொண்டு அக்காவின் ஷெட்டுக்குப் பறந்தேன்.

செய்திகளைப் படித்துக் காட்டினேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆத்தோரம் எதுக்குங்க தேடறாங்க?"

"அங்க வர்ற ஆளுங்க எல்லாம் ஆத்தோரமாத்தான் நடந்துட்டுத் திரும்புவாங்களாமுங்க. பெரிய பையைக் கூடாரத்துலயே வெச்சுட்டுப் போயிருக்காரு. வர்றேன்னு வேற சொன்னாராமா. அதனால பக்கத்துலதான் எங்கியோ இருப்பாருன்னு தேடறாங்க."

மெஷின் சட்டென்று நின்றது.

"வர்றேன்னு சொன்னாரா? சோத்துக்கு வர்றேன்னாரா, பொழுதோட வர்றேன்னாரா, சும்மா வர்றேன்னாரா? கேளுங்க தம்பி."

கேட்டேன். காத்திருந்தோம். பதில் வந்தது. "அவர் கைபேசியில் பேசினார். அது எங்கள் மொழியில் 'நான் வருகிறேன், அம்மா' என்று சொன்னது. வேறு ஒன்றும் இல்லை."

"கையெடுத்துக் கும்பிட்டாரான்னு கேளுங்க."

அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன். பாவம், அந்த அம்மாள் மறுபடி மேடு ஏறி வந்து சொன்னார்: "ஆம். இரண்டு கைகளையும் ஒட்டினார். தலையைக் குனிந்தார்."

"அட கெரகமே! அப்பப் போயிட்டாருங்க தம்பி!" என்று அக்கா எழுந்துவிட்டார். "கும்பிட்டு 'வர்றனுங்கம்மா'ன்னா கெளம்பிட்டாருன்னு அர்த்தம். கண்ணாலமான நாள்ல இருந்து 'போறேன்'ங்கற சொல்லு அந்த வாயில வந்ததில்ல. கடைக்குப் போனாலும் வர்றேன். கல்கத்தாவுக்குப் போனாலும் வர்றேன். எழவு ஊட்டுல இருந்து எந்திரிக்கும்போது மட்டுந்தான் சொல்லாம வருவாரு. அவரு ஆத்தோரம் நடக்கப் போவல. மலை மேல போயிட்டாரு. அக்கட்டால, அந்தப் பக்கமா இறங்கித் தங்கிட்டு, அடுத்த நாளு திரும்பற ரோசனையில பையை வெச்சுட்டுப் போயிருப்பாரு."

நாம் வாசலில் நின்று தினமும் சொல்கிற சொல்தான். போவதைப் போவது என்று சொன்னால் அபசகுனம் என்று வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அதை அந்தப் போன் அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்து, ஒரு நல்ல மனுஷியைச் சூப் சட்டியோடு காத்திருக்க வைத்துவிட்டது. அண்ணனோ மேலே, பனியில், ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார்.

இதை எப்படிப் புரியவைப்பது? "எங்கள் ஊரில் வருகிறேன் என்றால் போகிறேன் என்று அர்த்தம்" என்று அனுப்பினேன். "எனக்குப் புரியவில்லை. உங்கள் மனிதன் வந்தாரா, போனாரா?" என்று பதில் வந்தது. "போனார். ஆனால் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்" என்றேன். "அவர் பொய்யரா?" என்று கேட்டார் அந்த அம்மாள். அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, மொழிபெயர்ப்பை அமுக்கி, வாயருகே வைத்துக் கத்தினார்: "மேல பாக்கச் சொல்லம்மா! மலை மேல! மேல!"

இது புரிந்துவிட்டது. "குதிரைகள் மேலே போகின்றன" என்று செய்தி வந்தது.

பிறகு காத்திருந்தோம். அதுபோல ஒரு பகலை நான் கண்டதில்லை. பனியில் இரவு முழுக்கக் கிடந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. கரண்ட் போனால் அபசகுனம் என்று தோன்றியது. வந்தால், மறுபடி போய்விடுமோ என்று தோன்றியது. அண்ணன் விட்டுப்போன அத்தனை பயமும் என் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா திரும்பவும் மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். இந்த அம்மாவுக்கு மனசே கிடையாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே துணி இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. யாருடையதோ ஒரு கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு அண்ணன் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வீங்கித் தொங்கியது. முகத்தில் மரண பீதி. கீழே எழுதியிருந்தது: "உங்கள் மனிதன் கிடைத்தார். கணவாய்க்குக் கீழே, பாறை அடியில். கால் பிசகியது. பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இருந்தார். இப்போது அவர் குதிரைக்குப் பயப்படுகிறார்."

பிளாஸ்டிக் பை என்றது, அட்டைப்பெட்டிக்கு உள்ளே நாங்கள் போடுகிற பெரிய உறை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டை மாட்டி, தன்னையே பேக் செய்துகொண்டு ராத்திரியைக் கழித்திருக்கிறார். தலைக்கு வந்தது காலோடு போயிற்று. அக்கா போட்டோவைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். "எளச்சுப் போயிட்டாரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மெஷின் ஓட்டுகிற பெண்களெல்லாம் சுற்றி நின்று, யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் விழித்தார்கள்.

அந்தக் கூடாரத்து அம்மாளுக்கு அக்கா ஒரு பெட்டி நிறையப் பனியன் அனுப்பினார், ரிஜெக்ட் இல்லாத நல்ல சரக்கு. கால் சரியானதும் மனுஷர் வீட்டோடு அடங்குவார் என்று நினைத்தோம். அடுத்த வருஷமே தஜிகிஸ்தானுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். இந்த முறை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவிநாசிக்கு வந்தார், பஸ் ஏற்றிவிட. பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய அண்ணன் திரும்பி, எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்பப் போறனுங்க."

அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். அவிநாசி ரோட்டில் அண்ணன் பிடிக்கிற அதே பிடி.

"ஏனுங்ண்ணா, அந்தச் சொல்லு வேண்டாமுங்க!" என்று கத்தினேன்.

"வர்றேன்னு சொன்னா மறுபடிக்கும் கொழப்பம் ஆயிருமுங்களே கண்ணு!"

பஸ் நகர ஆரம்பித்தது. நான் கூடவே ஓடினேன்.

"கொழப்பம் ஆனா ஆகட்டுமுங்ண்ணா. எங்க போனாலும் நாங்க தேடிக்கறோம். நீங்க வர்றேன்னே சொல்லீட்டுப் போங்க!"