சோப்பு நுரையில் செயலாளர்

தலை முழுக்க நுரை. கண்ணில் எரிச்சல். குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் துண்டைக் கட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறிக் கைப்பேசியைத் தேடி எடுத்தார். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் குரல் கொடுத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் குழு இருக்கிறதே!

அந்தக் கைப்பேசிக் குழு அவருடைய சொந்தத் தயாரிப்பு. அதுவரை சங்கத்துக்கு இருந்தது பழைய மின்னஞ்சல் குழு ஒன்றுதான். ஒருவர் எழுதினால் எல்லா வீட்டுக்கும் போகும். "இதெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம்" என்று கூட்டத்தில் முழங்கி, முன்னுதாரணமாக முதல் ஆளாக அதிலிருந்து விலகினார். "புதுக் குழு வந்தப்புறம் ஒரு வீட்டுக்குத் தகவல் போகலைன்னாலும் பதவியை விட்டுடறேன்" என்று சபதம் வேறு. பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே நாற்காலி அது. இன்று மாலை மறுதேர்தல்.

'தண்ணீர் வரவில்லை. ஏன்?' என்று குழுவில் போட்டார்.

உடனே ஒரு ரோஜாப்பூ வந்தது. கீழே 'இனிய காலை வணக்கம்'.

'ஒரு வாளி தண்ணீர் கிடைக்குமா? அவசரம்!'

இன்னொரு வீட்டிலிருந்து கைதட்டல் படம் வந்தது.

அரட்டையில் செய்தி அமுங்கிவிட்டது போலும் என்று, 'அவசரம் மட்டும்' என இன்னொரு குழு தொடங்கி எல்லா வீட்டையும் சேர்த்தார். காய்ந்த குழாயைப் படமெடுத்தும் அனுப்பினார். குழாயைத்தான் எடுத்தோம் என்பது அவர் நினைப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், திரையில் துண்டும் தொப்பையுமாக அவரே நின்றார்.

அதற்கும் ரோஜாப்பூ வந்தது.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டீச்சர் திறந்தார். அவருக்குப் பின்னால் வாளி, குடம், அண்டா எல்லாம் தளும்பத் தளும்ப நின்றன.

"அய்யய்யோ சார், நீங்க தண்ணி பிடிச்சு வைக்கலையா? இன்னைக்குத் தொட்டி கழுவறாங்களே!"

"யார் சொன்னா?"

"பொருளாளர் மெயில் போட்டாரே, பழைய குழுவுல."

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

"ஜம்முனு இருக்கு சார். எல்லா வீடும் அதுலதான். போன வாரம் மோட்டார் மக்கர் பண்ணப்போ, எப்பவோ ரிப்பேர் பண்ணினவர் நம்பரைக்கூட அதுலதான் தேடி எடுத்தோம்."

செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. தகவல் போகாத அந்த ஒரு வீடு அவர் வீடேதான்.

"அப்போ சாயங்காலம் என் ராஜினாமா..."

"சும்மா இருங்க சார்! லிஃப்ட் நின்னாலும் மழை பெஞ்சாலும் ஓடி வர்றது நீங்கதானே? உங்களுக்கே ஓட்டுன்னு எல்லாரும் பேசி முடிச்சாச்சு." டீச்சர் ஒரு வாளியைத் தூக்கி நீட்டினார்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, சோப்பின் மேல் பழியைப் போடலாம்.

"ஆனா டீச்சர், என் குழுவுலயும் தினமும் தவறாம யாராவது வர்றாங்களே?"

டீச்சர் தயங்கினார். "அது முறை வச்சு வர்றது சார், நாளுக்கு ரெண்டு வீடு. நீங்க மனசு ஒடிஞ்சு போயிடக் கூடாதுன்னு, உங்க வீட்டு அக்காதான் பழைய குழுவுல எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாங்க."