ஆமாங்க என்று சொன்னதால் போன வேலை

கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்று நம்பினவன் நான். (படிப்பு எட்டாவது. அதுவும் பாதி.)

லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போயிருந்த சமயம். சேலத்தில் ஒரு கம்பெனி, வேலையாட்களை ஏற்றி இறக்க பஸ் டிரைவர் தேடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம். மகள் தூங்குவதற்குள் அவள் முகத்தைப் பார்க்கலாம். எனக்கு அது போதும்.

லைசென்ஸ், கண்ணு, பிரஷர் எல்லாம் சரி. கடைசியாக மனசுக்கு ஒரு பரீட்சை என்றார்கள். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக். நானும் மனைவியும் மோகனூரிலிருந்து போனோம். அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே ஒரு சின்னப் பொண்ணு, அச்சடித்த கேள்விகளை வாசித்தது.

"கண்ணுக்குத் தெரியாதவங்க யாராச்சும் உங்களுக்கு உத்தரவு குடுப்பாங்களா?"

"ஆமாங்க. எங்க அம்மன். இந்த வேலைக்கே கோயில்ல பூப் போட்டுக் கேட்டோம். வெள்ளை வந்துச்சு. அதான் வந்தேன்." (வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம்.)

"சிவப்பு வந்திருந்தா?"

"வந்திருக்க மாட்டனுங்க."

பொண்ணு எழுதிக்கொண்டது. நன்றாகப் போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செத்துப்போனவங்க உங்களைப் பாக்க வர்ற மாதிரி தோணுமா?"

"தோணறதென்னங்க, அமாவாசைக்கு அமாவாசை எங்கப்பா வருவாரு. காக்காயா. போன தடவை சோத்தைத் தொடலை."

"ஏன்?"

"கோவமுங்க. வடை வைக்கலை."

பொண்ணு போய் டாக்டரைக் கூட்டி வந்தது. டாக்டர் என் மனைவியை உள்ளே அழைத்தார். இதோடு தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"ஏம்மா, இவருகிட்ட சாமி ஏதாச்சும் பேசுதா?"

"இவருகிட்டயா?" சிரித்தேவிட்டாள். "எனக்குத்தானுங்க சாமி வரும். இவரு வேப்பிலை புடிக்கறதோட சரி."

டாக்டர் எங்கள் பக்கத்து ஆள்தான். கையில் கோயில் கயிறு இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா இந்தக் கேள்வியெல்லாம் வெளிநாட்டுல எழுதினது. அந்த ஊர்ல இப்படிச் சொன்னா மாத்திரைதான். மார்க்கும் அந்த ஊருக் கணக்குலதான் போடோணும்."

"அப்ப அவங்க ஊர்ல செத்தவங்க எங்கீங்க போவாங்க?" என்றாள் மனைவி.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மார்க்கைப் போட்டார். வேலை போச்சு.

அடுத்த வாரம் தங்கச்சி மாப்பிள்ளை அதே பரீட்சைக்குப் போனான். அவனும் பூக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு சொன்னேன் மச்சான். முடிஞ்சுது."

இப்போது ஆறு மணிக்கு அவன் வீட்டில் டீ குடிக்கிறான். நான் லாரியில்தான்.

வீட்டில் அது பாட்டாகிவிட்டது. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் (சோறு போடட்டுமா என்றால்கூட) சுற்றி இருப்பவர்கள் "இல்லைன்னு சொல்லு" என்று கத்துவார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

போன பொங்கலுக்கு முந்தின நாள் வண்டி நாக்பூரில் லோடு இறங்காமல் நின்றது. மகள் போனில் கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு வந்துருவீங்களா?"

பின்னால் மனைவி, வழக்கம்போல, "இல்லைன்னு சொல்லுங்க!" என்று சிரித்தாள்.

"இல்லை சாமி" என்றேன்.

அங்கே சிரிப்பு நின்றது.