ஆட்சேபணை இல்லை

அம்முவின் விலை ஒரு ரூபாய் எட்டணா. நீலமேகம் வாங்கிவந்த முத்திரைத்தாளின் விலை அது. ‘என் மனைவி அம்மு மலாயாத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். புருஷன் கையெழுத்து இல்லாமல் கல்யாணமானவளைக் கப்பலேற்ற மாட்டார்களாம். அந்தத் தாளைக் காசிமேடு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் பெர்மிட் ஆபீசில் கொடுத்தான்.

அவளுக்குப் பெர்மிட் உண்டு என்றார்கள். கூடப் போக விண்ணப்பித்த அவனுக்கு இல்லை என்று வந்துவிட்டது.

“வேலைக்குப் போறவங்க பெண்டாட்டியைக் கூட்டிப் போகலாம். பன்னிரண்டு வயசுக்குள்ள பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்,” என்றார் குமாஸ்தா தண்டபாணி. “நீங்க ரெண்டுமில்லையே.”

“நான் புருசன் சார்.”

“அப்படி ஒரு கட்டம் பாரத்துல இல்லை.”

கதவோரம் ஸ்டூலில் இருந்த பியூன் மண்ணாங்கட்டி, எட்டிப் பார்த்துப் பாரத்தில் கட்டம் இல்லைதான் என்று தலையாட்டினான்.

நீலமேகம் காசிமேட்டுக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவன். ‘இல்லை’ என்று யார் சொன்னாலும் ஆரம்ப விலை சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வான்.

அம்முவுக்கு அந்தத் தெம்பு இல்லை. “நீ வராம நான் போவமாட்டேன்யா. ஆறு வருசமா உன்னத் திட்டிகினே தூங்கிப் பயக்கமாயிடுச்சு. அங்க போயி யாரத் திட்டுவேன்?”

மாதம் நூற்றிருபது மலாயா வெள்ளிச் சம்பளத்தை இப்படி ஒரு காரணத்துக்காக யாரும் கடலில் போட்டதில்லை. நீலமேகம் வண்ணாரப்பேட்டைக்கு ஓடினான். அங்கே மனு எழுதிக் கொடுக்கும் ஜஹாங்கீர் அவனுடைய பழைய தோஸ்து.

“புருசனுக்குத்தான மாமு கட்டம் இல்ல? சமையல்காரனுக்குக் கீதே. அதே ஆஸ்பத்திரில ஆள் கேட்டுகினு கீறாங்க.”

“எனக்குச் சுடுதண்ணியே வைக்கத் தெரியாதுடா.”

“அத நீ சொன்னாத்தான தெரியும்?”

‘பன்னிரண்டு வருஷம் பெரிய இடங்களில் சமைத்தவர்’ என்று ஜஹாங்கீர் எழுதிக் கொடுத்தான்.

தண்டபாணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ரசத்துக்கு எப்பப் புளி கரைப்பீங்க?”

“மொதலாளி எப்பக் கேக்குறாரோ அப்ப சார்.”

இந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம், பழைய காகிதக் கட்டையும் எடுத்துப் பிரித்தார். “சமையல்காரனுக்குத் தர்ற ஜாகை ஒண்டிக்கட்டைக்குத்தான். நீங்க போன மாசம் புருஷனா வந்திருக்கீங்களே.”

“அது போன மாசம் சார்.”

“அப்படின்னா எழுத்துல வேணும்.”

ஜஹாங்கீர் சற்றும் கலங்கவில்லை. “இன்னொரு ஒண்ணரை ரூபா முத்திரைத்தாள். அவ்ளோதான? நீயும் அம்முவும் தீத்துக்கினதாப் பத்திரம் எய்திடுவோம். கப்பல்ல ஏறுனதும் கிழிச்சுப் போட்டுடு.”

ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அம்மு பத்திரத்தை வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீலமேகத்துக்கு என்னவோபோல ஆகிவிட்டது.

“படிச்சாவது பாக்க வாணாமா?”

“படிச்சா அய்வேன். அய்தா மை கலைஞ்சிடும். எடுத்துகினு போ.”

மறுநாளே மீன்காரி மங்கம்மா தன் அக்கா மகளுக்கு நீலமேகத்தைக் கேட்டு வந்துவிட்டாள். அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தவள் அம்முதான். “ஆளு நல்ல ஆளு. கொறட்டதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“அட்ஜஸ் பண்ணிக்குவாம்மா,” என்றாள் மங்கம்மா.

அவள் நாள் குறிப்பதற்குள் கப்பலேறிவிட வேண்டும் என்று நீலமேகம் கடற்கரைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டான். பிள்ளையாரும் கேட்டார். பெர்மிட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

தகரப் பெட்டியோடு இருவரும் போனார்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நாலடி தள்ளி. தண்டபாணி முத்திரை குத்திய தாளை நீலமேகத்திடம் நீட்டினார். “சமையல்காரன், ஒண்டிக்கட்டை. வர்ற வெள்ளிக்கிழமை கப்பல்.”

நீலமேகத்துக்குத் தொண்டை பரபரத்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று அங்கேயே கூவியிருப்பான். ஆபீசாயிற்றே என்று அடக்கிக்கொண்டான்.

“என்னுது சார்?” என்றாள் அம்மு.

தண்டபாணி அவளுடைய காகிதக் கட்டை மண்ணாங்கட்டியிடம் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மேலே சிவப்பு மசியில் ‘ரத்து’ என்று எழுதியிருந்தது.

“இன்னாத்துக்கு ரத்து?” என்று நீலமேகம் பாய்ந்தான். “நான் ஆட்சேபணை இல்லன்னு கையெயுத்துப் போட்டுக் குடுத்துகீறேனே.”

மண்ணாங்கட்டி ஒரு கையில் அந்த முதல் தாளையும் மறு கையில் தீர்வுப் பத்திரத்தையும் எடுத்து நிதானமாக எடைபோட்டான்.

“நீ யாரு நைனா கையெயுத்துப் போட? கட்டிக்கினவளுக்குப் புருசன் போடணும், கட்டிக்காதவளுக்கு அப்பன் போடணும். தீத்துக்கினவளுக்குப் பாரத்துல கட்டமே இல்ல. ஆவ மொத்தம், முத்திரைத்தாள் செலவு மூணு ரூபா, வரவு ஒரு சமையல்காரன், பாக்கி ஒரு பொண்டாட்டி.”